கம்பெனி சர்வீஸா, வெளி மெக்கானிக்கா?

இலவச சர்வீஸ்கள் முடிந்து, முழு பில்லும் முதல் முறையாகக் கைக்கு வரும் நாளில் கார் வைத்திருக்கும் வீடுகளில் ஒரு பேச்சு எழும். இனியும் கம்பெனியிலேயே விடுவதா, வெளியில் நல்ல மெக்கானிக்காகப் பார்த்து விடுவதா? ஆளுக்கொரு விடை வைத்திருப்பார்கள். வெளியில் விட்டால் வாரண்டி போய்விடும் என்பார் ஒருவர். கம்பெனியில் தேவையில்லாததையெல்லாம் தலையில் கட்டிவிடுவார்கள் என்பார் இன்னொருவர். இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. இருவரும் கவனிக்காமல் விடுகிற ஒன்றும் இருக்கிறது.

அம்பாசிடரும் பிரீமியர் பத்மினியும் ஓடிய காலத்தில் இந்தக் கேள்விக்கு அவ்வளவாக இடமில்லை. கார்புரேட்டரைக் கழற்றித் துடைக்கவும், சி.பி. பாயின்ட்டைத் தேய்த்து இடைவெளி வைக்கவும் தெரிந்த மெக்கானிக் ஊருக்கு ஊர் இருந்தார். கோளாறு கண்ணுக்குத் தெரிந்தது, காதுக்குக் கேட்டது. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்த பிறகு, வாங்கிய இடத்திலேயே சர்வீஸும் பார்க்கும் பழக்கம் மெல்லப் பரவியது. 2000 வாக்கில் மாசு விதிகள் இறுகின. கார்புரேட்டர் போய், கணினி கட்டுப்படுத்தும் எரிபொருள் தெளிப்பு முறை வந்தது. கோளாறு என்ஜினின் சத்தத்திலிருந்து ஸ்கேனரின் திரைக்கு இடம் மாறியது. அந்த ஸ்கேனர் யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் இன்றைய இரண்டு கட்சிகளும் பிரிகின்றன.

கேள்வி ஏன் தீரவில்லை

பொருளியலில் இதற்கு ஒரு விளக்கம் உண்டு. பண்டங்களை இருவகையாகப் பிரிக்கலாம் என்று 1970இல் ஃபிலிப் நெல்சன் எழுதினார். வாங்கும் முன்பே தரம் தெரிபவை ஒருவகை, பயன்படுத்திய பிறகு தெரிபவை இன்னொரு வகை. 1973இல் மைக்கேல் டார்பியும் எடி கார்னியும் மூன்றாவது வகை ஒன்றைச் சேர்த்தார்கள். பயன்படுத்திய பிறகும் தரம் தெரியாத பண்டம் அது. அதை நம்பிக்கைப் பண்டம் எனலாம். அவர்கள் எடுத்துக்கொண்ட உதாரணங்களில் பழுதுபார்ப்பும் ஒன்று. கிளட்ச் மாற்றிய பிறகு வண்டி நன்றாக ஓடுகிறது. ஆனால் கிளட்ச்சை மாற்றித்தான் ஆகவேண்டுமா, கேபிளைச் சரிசெய்திருந்தால் போதுமா என்பது உரிமையாளருக்குக் கடைசிவரை தெரியாது.

இந்த இருட்டுக்குள் என்ன நடக்கிறது என்று சோதித்துப் பார்த்தவர்கள் உண்டு. 1941இல் அமெரிக்காவின் ரீடர்ஸ் டைஜஸ்ட் இதழ், இருவரைக் காரில் நாடு முழுக்க அனுப்பியது. ஒவ்வொரு ஊரிலும் இக்னிஷன் காயிலில் இருந்த ஒரு கம்பியைக் கழற்றிவிட்டு, அருகில் உள்ள பட்டறைக்குள் நுழைவார்கள். கம்பியைத் திரும்ப மாட்டினால் வேலை முடிந்தது. 347 பட்டறைகளில் 218, அதாவது 63 விழுக்காடு, இல்லாத வேலையைச் சொல்லியோ மிகையாக வாங்கியோ ஏமாற்றின என்று இதழ் அறிவித்தது.

ஏமாற்றுவது சின்னப் பட்டறைகள்தான், பெரிய பெயர் என்றால் நம்பலாம் என்ற முடிவுக்கு இதைக் கொண்டு வருவது எளிது. அந்த எண்ணத்தை 1992 உடைத்தது. கலிபோர்னியாவின் வாகனப் பழுதுபார்ப்புத் துறை, சியர்ஸ் என்ற மாபெரும் நிறுவனத்தின் கார் சர்வீஸ் நிலையங்களுக்கு ரகசியமாக வண்டிகளை அனுப்பியது. முதல் சுற்றில் 38 முறையில் 34 முறை தேவையற்ற வேலை தலையில் கட்டப்பட்டதாக அந்தத் துறை குற்றம்சாட்டியது. காரணமும் வெளிச்சத்துக்கு வந்தது. இத்தனை பிரேக் வேலை, இத்தனை ஷாக் அப்சார்பர் விற்க வேண்டும் என்று ஊழியர்களுக்கு இலக்கும் கமிஷனும் இருந்தன. ஆட்கள் அனைவரும் கெட்டவர்கள் என்று இதற்குப் பொருள் இல்லை. சம்பளம் எதற்குக் கிடைக்கிறதோ அந்தப் பக்கம் கை போகிறது.

2012இல் ஹென்றி ஷ்னைடர் வெளியிட்ட ஆய்வு இன்னும் நுட்பமானது. தெரிந்த குறைகளுடன் ஒரு காரை 40 பட்டறைகளுக்குக் கொண்டுபோனார். தேவையில்லாததைச் செய்யச் சொன்னவர்கள் இருந்தார்கள். கூலன்ட் குறைந்திருப்பதைப் போன்ற ஆபத்தான, ஆனால் சுலபமாகத் தீரக்கூடிய குறையைப் பார்க்காமலே விட்டவர்களும் நிறைய இருந்தார்கள். மீண்டும் வரக்கூடிய வாடிக்கையாளர் என்று காட்டிக்கொண்டதால் வேலையின் தரம் பெரிதாக உயரவில்லை. சோதனைக் கட்டணம்தான் குறைந்தது. நம் ஊர்ப் பேச்சில் ஏமாற்றுவது பற்றியே கவலைப்படுகிறோம். கவனக்குறைவு அதே அளவுக்குக் கவலைப்பட வேண்டிய விஷயம் என்று இந்த ஆய்வு சொல்கிறது.

கம்பெனி சர்வீஸ் என்ற கட்சி

அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் நிலையத்துக்கு ஆதரவான வாதம் வலுவானது. அந்த மாடலுக்கென்றே வந்த ஸ்கேனரும் மென்பொருளும் அங்கேதான் இருக்கும். நிறுவனம் திரும்ப அழைக்கும் குறைபாடுள்ள பாகங்கள் அங்கே இலவசமாக மாற்றப்படும். சர்வீஸ் வரலாறு கணினியில் ஏறும்; வண்டியை விற்கும்போது அதற்கு மதிப்பு உண்டு. விபத்து என்றால் இன்ஷூரன்ஸில் கையிலிருந்து முழுப் பணம் கட்டாமல் வேலை முடியும். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதிகள் நடைமுறைக்கு வந்த பிறகு புகைக்குழாய்க்குள்ளேயே பல சென்சார்கள் உட்கார்ந்திருக்கின்றன. டீசல் வண்டியின் புகைத்துகள் வடிகட்டி அடைத்துக்கொண்டால் அதை முறைப்படி எரித்துச் சுத்தம் செய்ய மென்பொருள் வேண்டும். கைத்திறன் மட்டும் போதாது.

பலவீனம் வேறு இடத்தில் இருக்கிறது. காரைக் கொண்டுபோனால் பேசுபவர் சர்வீஸ் அட்வைசர். வண்டிக்கு அடியில் படுப்பவர் வேறு ஒருவர். அவரை உரிமையாளர் பார்ப்பதே இல்லை. சொன்ன குறை ஜாப் கார்டில் ஒரு சொல்லாகச் சுருங்கி உள்ளே போகிறது. “மேட்டில் ஏறும்போது இடது பக்கம் டக் டக் என்கிறது” என்று சொன்னது “சஸ்பென்ஷன் நாய்ஸ்” என்று மாறிவிடும்.

30,000 கிலோமீட்டர் சர்வீஸ் பில் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு மேலிருந்து படித்தால் இந்த அமைப்பின் இரண்டு முகங்களும் தெரியும். முதல் வரிகளில் என்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர், டிரெயின் பிளக் வாஷர், ஏர் ஃபில்டர், ஏ.சி. ஃபில்டர். இவையெல்லாம் காரோடு வந்த கையேட்டின் பராமரிப்பு அட்டவணையில் மாற்றவோ சோதிக்கவோ சொல்லப்பட்டவை. அப்படியே கீழே இறங்கினால் த்ராட்டில் பாடி க்ளீனிங், இன்ஜெக்டர் க்ளீனிங், ஏ.சி. கிருமி நீக்கம், அண்டர்பாடி கோட்டிங், என்ஜின் டிரெஸ்ஸிங், இன்டீரியர் க்ளீனிங் என்று வரும். கையேட்டில் இவற்றைத் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. த்ராட்டில் பாடியில் கரி படிந்து ஐட்லிங் தடுமாறினால் சுத்தம் செய்வது சரியான வேலை. தடுமாறாத வண்டிக்கும் 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை அதைப் பரிந்துரைப்பது விற்பனை. என்ஜினின் மேல் பளபளப்பு அடிப்பதால் என்ஜினுக்கு ஒரு நன்மையும் இல்லை.

வெளி மெக்கானிக் என்ற கட்சி

வெளி மெக்கானிக்குக்கு ஆதரவாகப் பேசுபவர்கள் முதலில் செலவைச் சொல்வார்கள். லேபர் குறைவு என்பது பொதுவாக உண்மைதான். ஆனால் அதைவிடப் பெரிய வாதம், வேலை செய்பவரோடு நேரடியாகப் பேசலாம் என்பது. அவரே வண்டியை ஓட்டிப் பார்ப்பார், அவரே கழற்றுவார், தவறினால் அவர் முகத்தைப் பார்த்துக் கேட்கலாம். பத்து வருடம் ஒரே வண்டியைப் பார்த்தவருக்கு அதன் வியாதி மனப்பாடம்.

இன்னொரு வேறுபாடு தொழில் முறையில் இருக்கிறது. ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றவில்லை என்றால் கம்பெனியில் பெரும்பாலும் முழு ஆல்டர்னேட்டரையே மாற்றுவார்கள். வெளியில் அதைக் கழற்றி, தேய்ந்த கார்பன் பிரஷ்ஷையோ பேரிங்கையோ மாற்றி ஓடவிடுவார்கள். சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையின் ஸ்பேர் கடைகளும், கழற்றிய வண்டிகளின் பாகங்களுக்குப் பேர்போன புதுப்பேட்டையும் இந்தப் பழுதுநீக்கும் பண்பாட்டின் மீதுதான் நிற்கின்றன. இந்த மெக்கானிக்குகளில் பலர் சிறுவயதில் கை ஆளாகச் சேர்ந்து, ஸ்பேனர் எடுத்துக் கொடுத்து, பார்த்துப் பார்த்துக் கற்றவர்கள். ஐ.டி.ஐ.யில் மோட்டார் வாகன மெக்கானிக் பிரிவில் இரண்டு ஆண்டு படித்துவிட்டு வந்தவர்களும் உண்டு.

கம்பெனியே ஊரை விட்டுப் போனால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு இந்தக் கட்சியிடம் மட்டுமே விடை இருக்கிறது. ஜெனரல் மோட்டார்ஸ் 2017இல் இந்தியாவில் ஷெவர்லே விற்பனையை நிறுத்தியது. 2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்து, மறைமலைநகர் ஆலையை மறு ஆண்டு மூடியது. ஸ்பேரும் சர்வீஸும் தொடரும் என்றே அந்த நிறுவனங்கள் சொல்லின. ஆனாலும் நிலையங்கள் குறையக் குறைய, வீட்டுக்குப் பக்கத்தில் அந்த வண்டிகளைத் தெரிந்துவைத்திருந்த தனி மெக்கானிக்குகளே உரிமையாளர்களுக்குத் துணையானார்கள்.

பலவீனங்களையும் மறைக்கக்கூடாது. போலி ஸ்பேர் முதல் ஆபத்து. ஆயில் ஃபில்டரும் பிரேக் பேடும் அசலைப் போலவே அச்சடித்த பெட்டியில் வருகின்றன. பிரேக் விஷயத்தில் இது உயிரோடு விளையாடுவது. அடுத்தது ஆயிலின் தரம். இன்றைய சிறிய பெட்ரோல் என்ஜின்கள் பலவும் 0டபிள்யூ-20 போன்ற மெல்லிய ஆயிலைக் கேட்கின்றன. “எல்லா வண்டிக்கும் இதுதான் சார் ஊத்துறோம்” என்று பீப்பாயிலிருந்து எடுக்கும் கெட்டி ஆயில் அவற்றுக்குப் பொருந்தாது. ஸ்கேனர் இல்லாத இடத்தில் “மாத்திப் பாத்துருவோம்” என்பதே சோதனை முறையாகிவிடும். மாற்றிப் பார்த்த ஒவ்வொரு சென்சாருக்கும் பணம் உரிமையாளருடையது.

பில் பிரச்சினை தனி. ஆண்டு வருவாய் 20 லட்சம் ரூபாயைத் தாண்டாத சேவைத் தொழிலுக்கு ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயமில்லை. ஆகவே பல சிறு பட்டறைகளில் ஒரு துண்டுத்தாளில் கூட்டல் கணக்குதான் கிடைக்கும். 18 விழுக்காடு வரி மிச்சம் என்று மகிழ்பவர்கள், வேலை தவறினால் நுகர்வோர் ஆணையத்தில் காட்ட அந்தத் தாளைத் தவிர வேறு சான்று இருக்காது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இரண்டுக்கும் நடுவில்

எல்லா நிறுவன வண்டிகளையும் பார்க்கும் சங்கிலிப் பட்டறைகள் மூன்றாவது வழியாக வந்தன. பாஷ் கார் சர்வீஸ், மைடிவிஎஸ் போன்றவை பழக்கமான பெயர்கள். ஸ்கேனரும் ஒழுங்கான பில்லும் உண்டு, விலை இடைப்பட்டது என்பது இவற்றின் வாக்குறுதி. பல ஊர்களில் அது நிறைவேறுகிறது. ஆனால் பெயர்ப்பலகை ஒன்றாக இருந்தாலும் கிளையை நடத்துபவர் பெரும்பாலும் உள்ளூர் உரிமையாளர்தான். ஒரு கிளையை வைத்து இன்னொரு கிளையைத் தீர்மானிக்க முடியாது.

வாரண்டியும் சட்டமும்

வெளியில் கை வைத்தால் வாரண்டி முழுக்கப் போய்விடும் என்ற அச்சம்தான் கம்பெனி சர்வீஸின் பெரிய காவல். இதற்கு நாடு தழுவிய விடை ஒன்று 2014 ஆகஸ்ட் 25இல் வந்தது. 2011இல் ஒரு தனிநபர் கொடுத்த புகார் மூன்று நிறுவனங்களைப் பற்றியது; விசாரணை அவற்றோடு நிற்காமல் விரிந்தது. இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அசல் ஸ்பேர்களையும் சோதனைக் கருவிகளையும் தனிப் பட்டறைகளுக்குக் கிடைக்கவிடாமல் செய்தார்கள் என்பதும், அந்த ஸ்பேர்களைத் தயாரித்துக் கொடுக்கும் ஆலைகள் வெளிச்சந்தையில் விற்பதைத் தடுத்தார்கள் என்பதும் ஆணையத்தின் முடிவு.

ஸ்பேர்களை வெளியில் கிடைக்கச் செய்ய வேண்டும் என்று ஆணை சொன்னது. வெளிப் பட்டறைக்குப் போனார் என்பதற்காக மட்டும் வாரண்டியை ரத்து செய்யக்கூடாது, அங்கே நடந்த தவறான வேலையால் விளைந்த சேதத்துக்கு மட்டுமே மறுக்கலாம் என்றும் சொன்னது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. 2016 டிசம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், தன் முன் வந்த நிறுவனங்கள் விஷயத்தில் ஆணையத்தின் முடிவை ஏற்றது. அபராதத்தை மட்டும் மொத்த விற்றுமுதலில் இல்லாமல் உதிரிபாகச் சந்தை சார்ந்த விற்றுமுதலில் கணக்கிடச் சொன்னது. வெளியில் வேலை பார்த்ததற்காக மட்டும் வாரண்டியை மறுக்கக்கூடாது என்ற கொள்கையை அமெரிக்கா 1975இலேயே வாரண்டிச் சட்டமாக எழுதிவிட்டது.

ஆணையத்தின் ஆணையில் பலர் கவனிக்காத பகுதி, ஸ்பேர் தயாரிக்கும் ஆலைகளைப் பற்றியது. சென்னை பாடியில் உள்ள பிரேக்ஸ் இந்தியாவும் லூகாஸ் டிவிஎஸ்ஸும் 1960களின் தொடக்கத்திலிருந்து கார் நிறுவனங்களுக்குப் பாகம் செய்து தருபவை. இத்தகைய ஆலையிலிருந்து வரும் பாகம் கார் நிறுவனத்தின் பெட்டியில் ஒரு விலைக்கும், ஆலையின் சொந்தப் பெட்டியில் அதைவிடக் குறைந்த விலைக்கும் கிடைக்கலாம். அசல், போலி என்ற இரண்டே பெயர்களில் பேசுவது இந்த நடு வகையை மறைத்துவிடுகிறது. வெளியில் வேலை பார்ப்பவர்கள் கேட்டு வாங்க வேண்டியது இதைத்தான்.

ஆனால் சட்டம் சொன்னதும் வாரண்டி கவுண்டரில் நடப்பதும் ஒன்றல்ல. கியர் பாக்ஸ் போன வண்டியோடு நிற்பவரிடம் “என்ஜின் ஆயில் வெளியில் மாற்றியிருக்கிறீர்கள்” என்றால், அந்த ஆயிலுக்கும் கியர் பாக்ஸுக்கும் தொடர்பில்லை என்று வாதாட அவருக்கு நேரமும் தெம்பும் வேண்டும். 2024 ஜூலையில் மாருதி தன் அடிப்படை வாரண்டியை 3 ஆண்டு அல்லது 1,00,000 கிலோமீட்டராக நீட்டியது. வாரண்டி நீள்வது வாங்குபவருக்கு நல்லதுதான். அதே அளவுக்கு அவர் கம்பெனி வாசலில் கட்டுண்டு கிடப்பதும் நீள்கிறது.

சோதிப்பவரே விற்பவர்

இரு கட்சிகளும் பார்க்காமல் விடும் இடம் இதுதான். உவே டுலெக், ருடால்ஃப் கெர்ஷ்பாமர் இருவரும் நம்பிக்கைப் பண்டங்களைப் பற்றி அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்து 2006இல் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே மருத்துவர், மெக்கானிக், கணினி வல்லுநர் மூவரும் வருகிறார்கள். மூவருக்கும் பொதுவான சிக்கல், நோயைச் சொல்பவரே மருந்தையும் விற்கிறார் என்பது. செய்த வேலையைச் சரிபார்க்க முடிந்தால், அல்லது தவறுக்குப் பொறுப்பேற்கும் கட்டாயம் இருந்தால், இந்தச் சிக்கல் பெரிதும் தணியும் என்பது அந்த வகை ஆய்வுகளின் சாரம். கம்பெனியா வெளியா என்பது இதற்கு அடுத்தபடியாகவே வருகிறது.

சரிபார்ப்பது எப்படி இருக்கும் என்பதற்கு பிரேக் பேடு நல்ல உதாரணம். புதிய பேடில் உராயும் பொருளின் தடிமன் ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் இருக்கும். சுமார் 3 மில்லிமீட்டருக்கு வந்தால் மாற்ற வேண்டும். “பேடு போயிடுச்சு சார், மாத்திடலாம்” என்பது கருத்து. “முன் இடது 6, முன் வலது 5.5” என்பது அளவு. அளவை எழுதிக் கொடுக்கும் பட்டறையில் அடுத்த சர்வீஸில் அதே இடத்தை மீண்டும் அளந்து ஒப்பிடலாம். கருத்தை ஒப்பிட முடியாது. டயரின் பள்ளம், பேட்டரியின் நிலை, வீல் அலைன்மென்ட் எல்லாமே எண்ணாகச் சொல்லக்கூடியவை. அலைன்மென்ட்டுக்கு முன்னும் பின்னும் எடுத்த அச்சுத்தாள் கேட்டால் கிடைக்கும், பலர் கேட்பதில்லை.

விலையிலும் அறிவு உதவுகிறது. மேகன் பஸ்ஸும் உடன் ஆய்வாளர்களும் அமெரிக்கப் பட்டறைகளுக்கு ஆட்களை வைத்துத் தொலைபேசியில் ரேடியேட்டர் மாற்றும் விலை கேட்டார்கள். எவ்வளவு ஆகும் என்றே தெரியாது என்று சொன்னபோது ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிக விலை சொல்லப்பட்டது. எதிர்பார்க்கும் விலையைச் சொல்லிவிட்டுக் கேட்டபோது அந்த வித்தியாசம் மறைந்தது. நம் ஊரில் தனியாக வண்டியை விடப் போகும் பெண்கள் “வீட்டில் சாரைக் கூட்டிட்டு வாங்க மேடம்” என்ற பேச்சைக் கேட்கிறார்கள். அவர்களுக்கு ஆய்வு தரும் சான்று இது.

இன்னும் தீராதவை

கிடைத்த சான்றுகளை வைத்து எச்சரிக்கையோடு சில முடிவுகளுக்கு வரலாம். வாரண்டி உள்ளவரை கையேட்டு அட்டவணை வேலையை மட்டும் கம்பெனியில் செய்துகொள்வது வழக்கைத் தவிர்க்கும். ஏர்பேக், என்ஜின் கணினி, திரும்ப அழைக்கப்பட்ட பாகம் ஆகியவை எந்த வயதிலும் கம்பெனிக்கே உரியவை. வாரண்டி முடிந்த வண்டியின் பிரேக், கிளட்ச், சஸ்பென்ஷன் வேலைகளைத் தெரிந்த வெளி மெக்கானிக்கிடம், பாகத்தின் பெட்டியைப் பார்த்து வாங்கிக் கொடுத்துச் செய்துகொள்வதில் தவறில்லை. நான்காம் ஆண்டுக்கும் ஏழாம் ஆண்டுக்கும் இடைப்பட்ட வண்டிக்குத்தான் தெளிவான விடை இல்லை. அங்கே பட்டறையின் வகையைவிட, கிடைக்கும் ஆளைப் பொறுத்தே முடிவு அமைகிறது.

மின்சாரக் கார்கள் இந்தக் கணக்கையும் மாற்றக்கூடும். என்ஜின் ஆயிலும் ஆயில் ஃபில்டரும் இல்லாததால் சர்வீஸ் வேலை குறையும். ஆனால் 300 வோல்ட்டுக்கு மேல் ஓடும் பேட்டரியைப் பயிற்சி இல்லாதவர் தொடக்கூடாது. கேமராவோடு வரும் முன்கண்ணாடியை மாற்றினால் கேமராவை மறுபடி அளவமைக்க வேண்டும். அந்த மென்பொருளின் சாவி யாரிடம் இருக்கும் என்பதே அடுத்த பத்தாண்டின் கேள்வி. 2022 டிசம்பரில் நடுவண் அரசு தொடங்கிய பழுதுபார்ப்பு உரிமைத் தளத்தில் வாகனத் துறையும் ஒன்று; ஆனால் தளம் தருவது தகவல், கட்டாயம் அல்ல. கலிபோர்னியாவில் 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வாகனப் பழுதுபார்ப்புக்கென்றே தனித் துறை உண்டு. எழுத்தில் எஸ்டிமேட் தருவதும், கேட்டால் பழைய ஸ்பேரைத் திருப்பித் தருவதும் அங்கே சட்டம். தமிழ்நாட்டில் அப்படி ஒரு துறை அமைய வேண்டும் என்று கேட்க வேண்டிய காலம் வந்துவிட்டது.

அது வரும்வரை எந்தப் பட்டறையில் விட்டாலும் குறையை உங்கள் சொற்களிலேயே ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள். கழற்றிய பாகத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அளவுகளோடு பில்லையும் எடுத்து வையுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை.